பாதியில் நின்ற கிரிக்கெட் பருவம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நல்லூர் வீதி:

2020 மார்ச்சில் கொரோனாவால் உலகம் முழுவதும் முதல்தரக் கிரிக்கெட், அதாவது பல நாள் நீளும் உயர்மட்ட ஆட்டங்கள், அடுத்தடுத்து நின்றுபோனதே, அதைப் பற்றி நேற்றுப் பின்னேரம் எங்கள் வாசிகசாலையில் பெரிய வாக்குவாதம். அவுஸ்திரேலியாவின் உள்ளூர் முதல்தரத் தொடரான ஷெஃபீல்ட் ஷீல்டின் இறுதிப் போட்டியை ஆடாமலே நியூ சவுத் வேல்ஸைச் சம்பியன் என்று அறிவித்தது நியாயமா என்று தொடங்கியது. கடைசியில் இரண்டு பேர் பேசாமலே வீட்டுக்குப் போனார்கள். முதல்தர ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் நாம் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே பஸ் ஏற வேண்டும். ஆனாலும் பாதியில் நின்ற ஆட்டத்தையோ, அதனால் அடிபட்ட ஆளையோ நேரில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எழுதுங்கள்.

கொக்குவில் கிழக்கு:

அப்போது எனக்குக் கொழும்பில் வேலை, வெள்ளவத்தையில் அறை. மார்ச் 13, வெள்ளிக்கிழமை, அரை நாள் விடுப்பில் பொரளைப் பக்கம் சரவணமுத்து மைதானத்துக்குப் போயிருந்தேன். டெஸ்ட் தொடருக்கு முன்னோட்டமாக இங்கிலாந்து அங்கே நான்கு நாள் ஆட்டம் ஒன்று ஆடியது. அந்த மைதானத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு: 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் இடம், முரளிதரன் ஆடிய கழகம், 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும் அங்கேதான். அன்றும் எதிரணி இங்கிலாந்து.

இரண்டாம் நாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது. சுற்றுப்பயணம் நின்றுவிட்டது, அணி ஊருக்குத் திரும்புகிறது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள், திரும்பி வரவில்லை. மழை இல்லை, வெளிச்சக் குறைவும் இல்லை; நல்ல வெயில். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ரசிகர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நான் எழுத வந்தது என் பக்கத்தில் இருந்த தம்பியைப் பற்றி. சாவகச்சேரிப் பக்கம், இடதுகைச் சுழல். கொழும்புக் கழகம் ஒன்றில் பதிவு செய்துவிட்டுப் பருவம் முழுவதும் வலைப்பயிற்சிக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்துக்குப் பதினொருவரில் பெயர் இருப்பதாக முதல் நாள் இரவுதான் சொல்லியிருந்தார்கள். கதைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சுட்டுவிரலைப் பார்த்தேன். முதல் மடிப்பில் பந்தின் தையல் உரசி உரசிக் காய்ப்பு விழுந்து, அதன் நடுவில் ஒரு வெடிப்பு. அதைப் பெருவிரலால் தடவியபடி, "வெளிநாட்டு அணிதானே போகிறது அண்ணை, எங்களுடைய ஆட்டங்கள் நடக்கும்" என்றார்.

நடக்கவில்லை. உள்ளூர்த் தொடரையும் நிறுத்தினார்கள். 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடுவதற்குள் அவர் இரவு பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார். அபாய வலயம் என்று பெயர் வாங்கிய மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதால் இங்கே ஊரடங்கு நீண்டதை எல்லோரும் அறிவீர்கள். ஜூலையில் தொடர் மறுபடி தொடங்கியபோது, மிச்சமிருந்த ஆட்டங்களுக்குப் பழைய ஆட்களே போதும் என்று கழகம் முடிவெடுத்துவிட்டது. முதல்தர ஆட்டம் ஆடியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இன்றுவரை இல்லை.

வேலணை:

கொக்குவில் அண்ணை, அந்த ரசிகர்களில் ஒருவர் திரும்பிப் போகவேயில்லை, தெரியுமா? பத்து மாதம் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 2021 ஜனவரியில் இங்கிலாந்து மறுபடி வந்தபோது காலி நகர மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. கோட்டை மதிலில் ஏறி நின்று பார்த்தார். பொலிஸ் ஒருமுறை இறக்கிவிட்டது, மறுபடி ஏறினார். ஜோ ரூட் 228 அடித்த ஆட்டம் அது. ரூட் அவரைப் பார்த்து மட்டையை உயர்த்தினார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம் ஊர்ப் பொடியன் ஒருவன் பத்து மாதம் வேலை இல்லாமல் கிரிக்கெட்டுக்காகக் காத்திருந்தால் வீட்டில் சோறு போடுவார்களா?

சுண்டிக்குளி மாஸ்டர்:

நான் பாடசாலை ஆட்டங்களுக்கும் கழக ஆட்டங்களுக்கும் நெடுங்காலம் ஓட்டப் பதிவு எழுதியவன். அதனால் வாசிகசாலை வழக்கில் எனக்கும் ஒரு வார்த்தை உண்டு.

அட்டவணையில் முதலிடத்தில் நின்றவருக்குக் கிண்ணம் என்பதுதான் அந்த ஆண்டு பல நாடுகளில் நடந்தது. நியூசிலாந்தில் கடைசி இரண்டு சுற்றுகளை விட்டுவிட்டு வெலிங்டனுக்குக் கொடுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலும் இரண்டு சுற்று மிச்சம், கிண்ணம் பார்படோஸுக்கு. தென்னாபிரிக்காவில் லயன்ஸ். இவற்றில் எனக்குக் குறை இல்லை. தொடர் முழுவதும் புள்ளி சேர்த்தவர்கள் வென்றார்கள். ஷீல்ட் கதை வேறு. அங்கே இறுதிப் போட்டி என்று ஒன்று விதியிலேயே இருந்தது, விக்டோரியா அட்டவணையில் இரண்டாம் இடத்தில் நின்றது. "சம்பியன் இல்லை" என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இது என் கட்சி.

இந்தியாவில் உள்ளூர் முதல்தரத் தொடரான ரஞ்சி மயிரிழையில் தப்பியது. ராஜ்கோட் இறுதிப் போட்டியின் கடைசி நாளைப் பார்வையாளர் இல்லாமல் ஆடி முடித்தார்கள்; முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் வங்காளத்தை மிஞ்சி சௌராஷ்டிரா முதன்முறையாகக் கிண்ணம் தூக்கியது. அதுவும் அதே மார்ச் 13. அடுத்த பருவம் ரஞ்சியே இல்லை, 87 ஆண்டுகளில் முதல் தடவை. இழந்த பருவத்துக்காக ஆட்டக்காரர்களுக்கு ஆட்டக் கட்டணத்தில் பாதியை ஈடாகக் கொடுப்பதாக 2021 செப்டெம்பரில் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் ஆடியிருந்தவர்களுக்கே அது. கொக்குவில் தம்பி சொன்ன சுழல்பந்துக்காரரைப் போல வாசல்படியில் நின்றவனுக்கு எந்த நாட்டிலும் ஈடு கிடையாது. எந்தப் பட்டியலிலும் அவன் இல்லையே.

இனி என் அனுபவம். 1995இல் எங்கள் கழகங்களுக்கு இடையில் ஒரு தொடர் நடந்தது. சண்டை தொடங்கியதும் கடைசி ஆட்டங்கள் தள்ளித் தள்ளிப் போயின. ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நாங்களும் தென்மராட்சிக்கு நகர்ந்தோம். அன்று காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் போட்ட பைக்குள் அந்தப் பதிவுப் புத்தகத்தையும் வைத்தேன். மழையில் மை ஊறி, ஒரு பக்கத்தின் பந்துவீச்சுக் கணக்கு மறுபக்கத்தின் துடுப்பாட்டத்தில் படிந்துவிட்டது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, அரிசிக்கு இடம் இல்லை, இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். ஆனால் நான் எடுத்து வெளியே போடவில்லை.

1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி. கொடிகாமத்தில் நாங்கள் ஒதுங்கியிருந்த வளவில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி. சுற்றுகிறவன் களைத்தால் வர்ணனை இழுபடும். அரவிந்த டி சில்வா சதத்துக்குக் கிட்டப் போகும்போது பெடலுக்கு வரிசை நின்றது. சுற்றியவர்களில் மூன்று பேர் அந்த முடியாத தொடரில் ஆடியவர்கள். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் கனடா போனார்கள். மிச்ச ஆட்டங்களை யாரும் ஆடவில்லை. கிண்ணமும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

திருநெல்வேலி:

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ மறந்துவிடாதீர்கள். பெற்றோல் வரிசையில் சைக்கிளோடு நின்றபடியே காலி டெஸ்டைக் கைப்பேசியில் பார்த்தேன். ஜூலை 9 அன்று மைதானத்துக்கு வெளியே கோட்டை மதில் முழுவதும் ஆர்ப்பாட்டக்காரர்கள். உள்ளே ஆட்டம் நிற்கவில்லை. இங்கே நடக்கவிருந்த ஆசியக் கிண்ணத் தொடர் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாறிப்போனது, இருபது ஓவர் தொடரான லங்கா பிரிமியர் லீக் ஓகஸ்டிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அதையும் யாழ்ப்பாண அணியே வென்றது. வேறு என்ன?

வேலணை:

அண்ணை, ஒரு கேள்வி. அதே 2020 முடிவில்தானே யாழ். மத்திய கல்லூரி வியாஸ்காந்த் லங்கா பிரிமியர் லீக்கில் ஆடினார்? 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிவரை போனார். நோய்க்காலம் ஒருவருக்கு வாசலைத் திறக்கவும் செய்ததுதானே?

கொக்குவில் கிழக்கு:

தம்பி, திறந்தது இருபது ஓவர் வாசல். அவர் திறமையால் நுழைந்தார், அதில் எனக்கும் பெருமை. ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரே முனையிலிருந்து பந்து போட்டு ஆளைச் சலிக்க வைக்கிற சுழல்காரனை இருபது ஓவரில் யார் கேட்கிறார்கள்? சாவகச்சேரித் தம்பி இப்போது கட்டடப் பொருள் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியபோது கூப்பிட்டுச் சொன்னேன். "கட்டி முடிக்கட்டும், சீமெந்து எங்களிடம் வாங்கச் சொல்லுங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தும்புப் பாய் விரித்த ஆடுகளத்தில் இன்னும் பந்து போடுகிறார். மாஸ்டர், உங்களுக்கு நேரம் இருந்தால் ஓட்டப் பதிவுக்கு வர முடியுமா? அவர்களிடம் எழுத ஆள் இல்லை.

சுண்டிக்குளி மாஸ்டர்:

வருகிறேன். புத்தகமும் பென்சிலும் நான் கொண்டுவருவேன். ஆட்டம் எத்தனை மணிக்கு?