மே மாத ஏசி: 17 கொடுத்த வண்டி 13.5-க்கு இறங்கியது ஏன்?

கத்திரிவெயில் கேட்டது:

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2017 மாடல், கையால் திருகும் ஏசி. தாம்பரத்திலிருந்து சிறுசேரி, ஒரு வழி 25 கி.மீ., போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ஆபீஸில் மொட்டை வெயிலில்தான் பார்க்கிங். டிசம்பரில் ஏசி போடாமல் லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்தது. இப்போது முழு நேரமும் ஏசி, 13.5. இரண்டுமே ஒரே பங்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி எடுத்த டேங்க்-டு-டேங்க் கணக்கு. டெம்பரேச்சர் நாப் நடுவில், ப்ளோயர் 3-ல். கேஸ் டாப்-அப் பண்ணினால் சரியாகும் என்று ஏசி கடையில் சொல்கிறார்கள். பண்ணலாமா? வேர்க்காமலும் போக வேண்டும், பெட்ரோலும் மிஞ்ச வேண்டும்.

பத்துபன்னெண்டு ஸ்பானர்:

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 25 கி.மீ.க்கு 17 என்றால் 1.47 லிட்டர், 13.5 என்றால் 1.85. வித்தியாசம் 380 மில்லி. ஒன்றேகால் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 300 மில்லி சொச்சம். சின்ன பெட்ரோல் வண்டியில், இந்த வெயிலில், கம்ப்ரசர் (எஞ்சின் சக்தியில் சுற்றி ஏசி கேஸை அழுத்துவது) இழுக்கிற அளவு ஏறக்குறைய இதுதான். கோளாறு மாதிரித் தெரியவில்லை.

ஏசி பெட்ரோல் குடிப்பது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் இல்லை. அதே 300 மில்லி, ஜிஎஸ்டி ரோடு மாதிரி ஹைவேயில் 80-ல் போனால் 80 கி.மீ.க்குப் பரவிவிடும், 20 தருகிற வண்டி 18.6 தரும். உங்கள் ரூட்டில் ஒரு மணி நேரத்தில் நகர்வதே 20 கி.மீ.தான், அதற்குள் அத்தனையும் தீர்கிறது. அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் டிராஃபிக்தான். ஹைவேயில் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குவதில் பெரிய லாபம் கிடையாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். எந்த வேகத்தில் திறந்த கண்ணாடி ஏசியைவிட அதிகப் பெட்ரோல் குடிக்கும் என்பது வண்டியின் வடிவத்தைப் பொறுத்தது. 50, 60-க்குக் கீழே, காலை ஏழு மணிக்கு என்றால் தாராளமாக இறக்குங்கள்.

டாப்-அப் வேண்டாம். ஏசி கேஸ் ஓடுவது மூடிய சுற்றில், கசிவு இல்லாமல் அது குறையாது. எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். எடை போடாமல் பிரஷர் கேஜைப் பார்த்து ஏற்றினால் அளவு கூடி, கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கத்தில் (ஹை சைடு) பிரஷர் எகிறி, கம்ப்ரசருக்குச் சுமை ஏறும், குளிர்ச்சியும் குறையும். நிஜமாகவே கசிவு இருந்தால் முதலில் அதை அடைத்து, அரை மணி நேரம் வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

நாப்மேன்:

நாப் நடுவில் என்று எழுதியிருக்கிறீர்களே, பெட்ரோல் வீணாவது அங்கேதான். இந்த மாதிரி வண்டிகளில் அந்த நாப் கம்ப்ரசரைத் தொடுவதே இல்லை. குளிர்ந்த காற்றில் ஒரு பங்கை ஹீட்டர் கோர் (எஞ்சினின் சுடுநீர் ஓடும் பகுதி) பக்கம் திருப்பிவிடும் மடலை மட்டும்தான் அசைக்கிறது. கம்ப்ரசர் பாடுபட்டுக் குளிர்வித்ததை எஞ்சின் சூட்டில் காய்ச்சி வாங்கிக்கொள்கிறீர்கள்.

கம்ப்ரசரை நிறுத்துவது எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி) இருக்கும் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி. அங்கே 3, 4 டிகிரிக்கு இறங்கினால் கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் ‘டிக்’ என்று விடும். அதை அடிக்கடி விட வைப்பதுதான் வித்தை. நாபை முழு நீலத்தில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் ப்ளோயர் 4, பிறகு 2, கேபின் குளிர்ந்ததும் 1. காற்று குறைந்தால் எவாப்பரேட்டர் சீக்கிரம் குளிரும், கிளட்ச் அதிக நேரம் சும்மா இருக்கும். அப்போதும் குளிர்ந்தால் ஏசி பட்டனையே சில நிமிடம் அணையுங்கள். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ஆட்டோ கிளைமேட் வண்டிக்கு இது பொருந்தாது; அதில் 25 டிகிரி வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ரீசர்குலேஷன் (உள்காற்றையே சுற்றவிடுவது) கட்டாயம். சென்னைப் புழுக்கத்தில் வெளிக்காற்றை இழுத்தால் சூட்டோடு ஈரத்தையும் சேர்த்து எவாப்பரேட்டர் கறக்க வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று தேங்கித் தூக்கம் வரும். ஏசி காற்றுவழிகளை மேல்நோக்கித் திருப்புங்கள், குளிர்காற்று தானாக இறங்கும்.

புங்கமரநிழல்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மாலை ஐந்தரைக்கு வண்டியில் ஏறும்போது டாஷ்போர்டு 70 டிகிரியை ஒட்டி இருக்குமே. அந்தச் சூட்டை ஏசி கொண்டு வெளியேற்றினால் பெட்ரோல்தான் எரியும். கையால் வெளியேற்றினால் இலவசம்: இடப்பக்கப் பின் கண்ணாடியை முழுக்க இறக்கி, டிரைவர் கதவை ஐந்தாறு முறை விசிறி மாதிரி ஆட்டுங்கள். பிறகு நாலு கண்ணாடியும் திறந்தபடி இரண்டு நிமிடம் ஓட்டி, அதன்பின் ஏசி.

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்விக்கிற பழக்கம் வேண்டாம். ஐடிலில் ஏசியோடு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும், பத்து நிமிடத்துக்கு 150 மில்லிக்கு மேல். கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றுவதால் சரியாகக் குளிராது. முன்கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளி நிற மடக்குத் தட்டி வையுங்கள், கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும். பவர் பேங்க், லைட்டர், பாடி ஸ்ப்ரே உள்ளே வேண்டாம்.

கத்திரிவெயில்:

கேட்க மறந்தது: கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா? அப்புறம், சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது, நகர்ந்தால் சரியாகிவிடுகிறது.

பத்துபன்னெண்டு ஸ்பானர்:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கோளாறு இல்லை என்றதை வாபஸ் வாங்குகிறேன். அது கண்டென்சர் (முன்பக்கம் ரேடியேட்டரை ஒட்டி இருந்து ஏசியின் சூட்டை வெளியே விடுவது) சமாச்சாரம். ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் கண்டென்சர் இடுக்கில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின் சாதா ஹோஸில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம், கண்டென்சரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும். கூலண்ட் அளவையும் பாருங்கள். எஞ்சின் சூடு எல்லை மீறினால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) முதலில் அணைப்பது ஏசியைத்தான்.

ஃபிலிம் வேண்டாம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்த பிறகு போலீஸ் நிறுத்தி உரிக்கச் சொல்வது சகஜம். அந்தக் காசுக்கு கேபின் ஃபில்டர் மாற்றுங்கள். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கழற்ற ஐந்து நிமிடம். அது அடைத்திருந்தால் ப்ளோயர் 1-ல் காற்றே வராது. நாப்மேன் சொன்ன வித்தை பலிக்காது.