செவ்வாய்ப்பேட்டை சந்தோட கணினி மாதிரி: கட்டடத்துக்கு முன்னாடியே காத்து வேகம் கூடுது

கேள்வி:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு குறுகலான சந்துல காத்து எப்படி ஓடுதுன்னு, சுத்துக் கட்டடங்களோட ஃப்ளூயன்ட்ல (காத்தோட்டத்தக் கணக்குப் போடுற மென்பொருள்) ஓட்டுறேன். உயரமான கட்டடம் 15 மீ. இன்லெட்ல (காத்து உள்ள நுழையுற பக்கம்) ரிச்சர்ட்ஸ்–ஹாக்சி (1993) மடக்கை விதி, அதாவது உயரம் கூடக்கூட வேகம் எப்படிக் கூடும்னு சொல்ற சூத்திரம்; 10 மீ உயரத்துல 3 மீ/வி, சொரசொரப்பு நீளம் (தரை காத்த எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு) 0.5 மீ. கணக்குக்காக இடத்தச் சின்னச் சின்ன செல்லா (கட்டமா) பிரிச்ச மெஷ்ல, தரையொட்டின முதல் செல் 0.4 மீ உயரம். இன்லெட்ல 1.7 மீ உயரத்துல 1.46 மீ/வி, சரி. முதல் கட்டடத்தத் தொடுறதுக்குள்ள 1.9 ஆயிடுது. மெஷ்ஷை நெருக்கினா இன்னும் கூடுது. பக்கத்துல இருக்குற சேர்வராயன் மலையையும் டொமைன்ல (கணக்குப் போடுற மொத்த இடம்) சேர்க்கணுமா?

பதில் 1:
மலைய விடுங்க, கோளாறு தரையில. ஃப்ளூயன்ட் கேக்குறது சொரசொரப்பு நீளம் இல்லைங்க, சமான மணல் உயரம் (அதே சொரசொரப்பக் குடுக்குற மணலோட மணி அளவு), கூடவே ஒரு சொரசொரப்பு மாறிலி. அந்த மாறிலி 0.5-னா மணல் உயரம் சொரசொரப்பு நீளத்துல சுமார் 20 மடங்கு, அதாவது 10 மீ. ஆனா அது முதல் செல்லோட மையத்தைத் தாண்டக் கூடாது. உங்க மையம் 0.2 மீ தான். அதனால இன்லெட் எதிர்பாக்குறத விட தரை வழவழப்பா நடந்துக்குது, காத்து வேகம் பிடிக்குது. செல் சின்னதாக ஆக இது மோசமாத்தான் போகும்.

மணல் உயரம் × மாறிலி = 9.793 × சொரசொரப்பு நீளம் (0.5 மீ), கிட்டத்தட்ட 4.9 வரணும். மணல் உயரம் 0.2-ன்னு வச்சா மாறிலி 24.5. பேனல்ல 1-க்கு மேல ஏத்துக்காது, யூடிஎஃப் (நாமளே எழுதிச் சேர்க்குற நிரல்) எழுதணும். ஓப்பன்ஃபோம்ங்கிற இன்னொரு மென்பொருள்ல இந்தத் தலைவலி இல்ல, வளிமண்டல வால் ஃபங்ஷனுக்கு (தரையொட்டின ஓட்டத்தக் கணக்குல எடுக்குற சூத்திரம்) சொரசொரப்பு நீளத்தையே நேராக் குடுக்கலாம்.

இந்த 0.5 மீ சொரசொரப்பு நீளம் கட்டடம் வரையாத முன்பகுதிக்கு மட்டும். வரைஞ்ச பகுதியில தார் ரோட்டுக்கும் அதையே போட்டா ஒரே சொரசொரப்ப ரெண்டு தடவ எண்ணுற மாதிரி. முதல்ல கட்டடமே இல்லாத காலி டொமைன ஓட்டுங்க.

பதில் 2:
சேர்வராயன் மலைமேல இருக்குற ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1500 மீ, சேலம் 300-க்குள்ள. 1200 மீ மலைக்கு, தலைக்கு மேல 5 மடங்கு இடம்னு கணக்குப் போட்டா 6 கி.மீ. அரை மீட்டர் செல்லையும் அதையும் ஒரே மெஷ்ல கட்டவே முடியாது. டபிள்யூஆர்எஃப்-ல (பெரிய பரப்புக்கான வானிலை மாதிரி) மலையோட ஓட்டி, வர்ற திசையையும் வேகத்தையும் மட்டும் இன்லெட்டுக்குக் குடுங்க.

காமலாபுரம் விமான நிலையத்துக் காத்த அப்படியே போடாதீங்க. அது திறந்த வெளி (சொரசொரப்பு நீளம் 0.03 மீ). அங்க 10 மீட்டர்ல அளந்த வேகத்த மடக்கை விதிப்படி 60 மீ வரை ஏத்தி, 0.5-ல திரும்ப இறக்கினா 10 மீட்டர்ல 0.82 மடங்குதான். ராத்திரி சரிவுல குளிர் காத்து இறங்குற நேரத்துக்கு இந்த நடுநிலைக் கணக்கே (தரையோட சூடு, குளிர்ச்சிய எடுத்துக்காத கணக்கு) செல்லாது.

பதில் 3:
சரிபார்க்க மொட்டைமாடி கைப்பிடிச்சுவர்ல கருவி மாட்டாதீங்க, அங்க காத்து பிரியுற இடம். சந்துக்குள்ள கிண்ண அனிமாமீட்டர் (காத்து வேகமானி) ரொம்ப மெதுவான காத்துக்குச் சரியாச் சுத்தாது, ஒலி அலையால அளக்குற அல்ட்ராசோனிக் வேணும். காத்துக்குகைன்னா 1:300 அளவுல 15 மீ கட்டடம் 5 செ.மீ. சின்ன மாடல்லயும் ஓட்டம் நிஜம் மாதிரி இருக்க, ரெனால்ட்ஸ் எண் (வேகம் × உயரத்த காத்தோட பிசுபிசுப்பால வகுத்தது) 11,000 தாண்ட 3.3 மீ/வி-யாவது ஓடணும்.

கேட்டவர்:
காலி டொமைன்ல இப்ப 1.7 மீ உயரத்துல 1.49 மீ/வி-ல நிக்குது. ஆனா தரையொட்டின ரெண்டு செல்லுல கொந்தளிப்பு ஆற்றல் (காத்தோட சுழல் அசைவுல இருக்குற ஆற்றல்) எகிறுது.

பதில் 1:
அது பழைய வியாதி. அதுக்குத்தான் ஆள் உயரம் மூணாவது செல்லுக்குக் கீழ வரக்கூடாதுங்கிறாங்க. 0.4-ல ஆரம்பிச்சு 1.2 மடங்கா வளர்த்தா 1.7 மீ நாலாவது செல்லுல விழும். உங்களுக்குப் போதும்.