பெரிய மூடிய ட்ரெய்லர், நடுத்தர எஸ்யூவி: 55 மைல் தாண்டினால் வாலாட்டுகிறது, அவசர உதவி தேவை

கிளம்பியாச்சு
வணக்கம். அவசரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வீடு மாறுகிறோம். மூடிய ட்ரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி எஸ்யூவியில் மாட்டியிருக்கிறேன். வண்டி 5,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது, ட்ரெய்லர் அதற்குள்தான். மணிக்கு 50 மைல் வரை ஒன்றும் தெரியவில்லை. 55 தாண்டினால் பின்னால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கிறது. பெரிய லாரி கடந்து போனால் ஸ்டியரிங்கையே பிடுங்குகிறது. மேட்டில் கியர் ஓயாமல் மாறுகிறது, கியர்பாக்ஸ் சூட்டு விளக்கும் எரிந்து அணைந்தது. ஸ்வே பார் (ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி) ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? நாளை மறுநாள் கிளம்ப வேண்டும்.

அச்சாணி
என்ன எஸ்யூவி? ட்ரெய்லர் நீள அகலம் என்ன? ஒற்றை அச்சா, இரட்டை அச்சா? "அதற்குள்தான்" என்பது எடைமேடை சொன்னதா, உங்கள் கண் சொன்னதா? ஹிட்ச் பந்தின் (வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் எவ்வளவு எடை இறங்குகிறது? ட்ரெய்லரில் பிரேக் உண்டா? இது எதுவும் தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

டயர்க்காரர்
இந்த மாதிரிக் கேஸ் எல்லாம் கடைசியில் டயரில்தான் வந்து நிற்கும். ட்ரெய்லர் டயரின் பக்கச் சுவரில் எஸ்டி (ட்ரெய்லருக்கென்றே செய்த டயர்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதிலேயே அச்சிட்டிருக்கும் முழுக் காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். கார் டயர் மாதிரி நினைத்துக் குறைவாக வைத்தால் தாங்கும் எடையும் குறையும், சுவரும் நெளியும். நெளிந்தால் ஆடாமல் என்ன செய்யும்? பழைய எஸ்டி டயர்கள் பலவற்றுக்கு வேக வரம்பே 65 மைல்தான். எஸ்யூவியின் பின் டயரையும் பாருங்கள்.

மேட்டுக்கியர்
ஆட்டத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். டிரைவில் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டால் இப்படித்தான் ஆகும். கியர் மாறி மாறி விழும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) லாக் ஆகாமல் நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவல்தான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. டோ மோட் (இழுவைக்கான கியர் அமைப்பு) இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மேல் கியர்களுக்குப் போகாதபடி பூட்டிவிட்டு ஒரே கியரில் ஏறுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், கூடட்டும். தனி ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

இருபதாண்டு_இழுவை
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். விளம்பரத்தில் 5,000 என்று பார்த்ததும் 5,000 கட்டிவிடலாம் என்று நினைப்பு. தம்பி, அந்த எண் வண்டியில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் இருக்கிற கணக்கு. குடும்பம், கூரைப் பெட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் அதிலிருந்து கழியும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் பேலோட் ஸ்டிக்கர் (வண்டி சுமக்கக்கூடிய எடை) என்று ஒன்று இருக்கிறதே, வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையாவது படித்தீர்களா? முழு அளவு பிக்கப்பை வாடகைக்கு எடுங்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான், மற்றதெல்லாம் வேடிக்கை.

கிளம்பியாச்சு
அனைவருக்கும் நன்றி. மூன்று வரிசை எஸ்யூவி, வி6. ட்ரெய்லர் 7 அடி அகலம், 16 அடி நீளம், உள் உயரம் ஆறரை அடி, இரட்டை அச்சு. தகட்டில் அதிகபட்சம் 7,000 பவுண்டு, காலியாக 2,700 என்று இருக்கிறது. எடை போடவில்லை. மெத்தை, சோபா, துணிப் பெட்டிகளை முதலில் உள்ளே தள்ளிவிட்டோம். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறக்க வேண்டியவை என்பதால் வாஷிங் மெஷின், கருவிப் பெட்டி, மோட்டார் சைக்கிள் மூன்றும் பின்கதவுப் பக்கம். பிரேக் இருக்கிறது என்று ட்ரெய்லர் கொடுத்தவர் சொன்னார். ட்ரெய்லர் பிளக் 7 முனை, என் வண்டியில் தட்டையான 4 முனைதான், அதனால் அடாப்டர் போட்டிருக்கிறேன். விளக்கெல்லாம் பக்காவாக எரிகிறது.

அச்சாணி
நிறுத்துங்கள். இந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள்.

4 முனையில் வருவது விளக்குகளுக்கான மின்சாரம் மட்டும்: பின்விளக்கு, இடது, வலது, எர்த். பிரேக்குக்கான கம்பியே அதில் கிடையாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், இல்லாத கம்பியை எங்கிருந்து கொண்டுவரும்? ட்ரெய்லரில் இருப்பது மின்சார பிரேக் என்றால், இத்தனை நாளும் முழு எடையையும் உங்கள் எஸ்யூவியின் பிரேக்தான் நிறுத்தியிருக்கிறது. 7 முனை வயரிங், டாஷ்போர்டுக்குக் கீழே பிரேக் கன்ட்ரோலர், இரண்டும் வேண்டும். வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைக்கிறதோ அதற்கேற்ப ட்ரெய்லருக்கும் பிரேக் கொடுக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் காலியான இடத்தில் 25 மைலில் போய், காலால் பிரேக் மிதிக்காமல் கன்ட்ரோலர் நெம்பியை (சிறு நெம்புகோலை) மட்டும் கையால் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுப்பது உடம்புக்கே தெரிய வேண்டும்.

அந்த நெம்பி இன்னொன்றுக்கும் உதவும். ஆட்டம் எடுத்தால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, நெம்பியை மட்டும் அழுத்தினால் ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். பதறிக் கால் பிரேக்கை மிதித்தாலோ, எதிர்ப்பக்கம் ஒடித்தாலோ ஆட்டம் கூடும். வேகத்தைக் கூட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாவது, கனமானதையெல்லாம் வாலில் வைத்திருக்கிறீர்கள். பந்தின் மேல் இறங்கும் எடை மொத்த ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்குப் பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். ஸ்வே பார் இதற்கு மருந்து இல்லை, வலியை மறைக்கும் மாத்திரை.

கேரவன்_ரசிகன்
10-15 சதவீதம் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்? ஐரோப்பாவில் 1,500 கிலோ கேரவனை (உள்ளே தங்கும் ட்ரெய்லர்) 90 கிலோ மூக்கு எடையோடு (பந்தின் மேல் இறங்கும் எடை) சின்ன கார்களில் இழுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் ஏறுகிறோம். 4 முதல் 7 சதவீதம் போதும். பெரிய வண்டி வேண்டும் என்பதெல்லாம் விற்பனைத் தந்திரம்.

இருபதாண்டு_இழுவை
நீங்கள் இழுப்பது 40 மைலில் தூங்கிக்கொண்டு போகும் பொம்மைப் பெட்டி. அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

கேரவன்_ரசிகன்
ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்குப் பொது வரம்பு 80 கிலோமீட்டர், அதாவது 50 மைல். தகுதி பெற்ற கார்-ட்ரெய்லர் ஜோடிக்கு 100 கிலோமீட்டர். எண் தெரியாமல் ஏளனம் செய்ய வேண்டாம்.

காற்றுமுகம்
இரண்டு பேரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். வேகம் கூடக் கூட ஆட்டம் அடங்குவது குறையும். குறைந்த வேகத்துக்கென்று, கனத்தை அச்சுக்கு மேலேயே குவித்துக் கட்டிய கேரவனுக்கு 6 சதவீதம் தாங்கும். 65 மைலில் போகிற, வாலில் மோட்டார் சைக்கிள் நிற்கிற பெட்டிக்குத் தாங்காது. கேள்வி கேட்டவரே சொல்கிறார், 50 வரை ஒன்றுமில்லை என்று.

எல்லோரும் எடையையே பேசுகிறீர்கள், காற்றை யாரும் கவனிக்கவில்லை. 7 அடிக்கு ஆறரை அடி என்றால் முகம் மட்டும் 45 சதுர அடிக்கு மேல். இழுவைத் திறனைக் கணிக்கும் எஸ்ஏஇ ஜே2807 தரத்தில் 5,000 பவுண்டு வரையிலான வகுப்புக்குச் சோதனை ட்ரெய்லரின் முன்பரப்பு 30 சதுர அடிதான். பல வண்டிகளின் கையேட்டில் முன்பரப்பு வரம்பு தனியாகவே போட்டிருக்கும், எடை அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 55இலிருந்து 65க்குப் போனாலே தடை 40 சதவீதம் கூடுகிறது. ட்ரெய்லர் காலியாக இருந்தாலும் அந்தச் சுவரைத் தள்ளித்தான் ஆக வேண்டும். கியர்பாக்ஸ் சூட்டுக்குக் கூலரைவிட, வேகத்தைக் குறைப்பது பெரிய வைத்தியம்.

மேட்டுக்கியர்
கூலரும் வேண்டும்.

அச்சாணி
@கிளம்பியாச்சு எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். ட்ரெய்லரோடு ஒருமுறை அச்சு அச்சாக, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டி மட்டும் ஒருமுறை. அந்தப் பக்கம் எடைமேடை இல்லையென்றால் குளியலறை எடைக்கருவி போதும். கப்ளருக்கு (பந்தின் மேல் கவிழும் ட்ரெய்லர் மூக்கு) கீழே கெட்டியான பலகை ஒன்றைக் குறுக்கே போடுங்கள். கப்ளரிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு முனை செங்கல் மேல், எதிர்ப்பக்கம் இரண்டு அடி தள்ளி மறுமுனை எடைக்கருவி மேல். காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். முதலில் வெறும் பலகை காட்டும் எடையைக் கழித்துவிடுங்கள். கப்ளர் பந்தின் உயரத்தில் இருக்க வேண்டும், சக்கரத்துக்கு அடை கொடுக்க மறக்க வேண்டாம்.

கிளம்பியாச்சு
எடைமேடைக்கே போய்விட்டேன், மெதுவாக. எல்லாம் பவுண்டில். ட்ரெய்லரோடு: முன் அச்சு 2,370, பின் அச்சு 2,670, ட்ரெய்லர் அச்சுகள் 4,610. வண்டி மட்டும்: முன் 2,480, பின் 2,280. ஹிட்ச் ரிசீவர் (பந்தைச் செருகும் சட்டம்) ஸ்டிக்கரில் 5,000 / 500 என்று இருக்கிறது. இதை வைத்து என்ன செய்வது?

அச்சாணி
இப்போதுதான் பேச ஏதாவது கிடைத்திருக்கிறது. ட்ரெய்லரோடு வண்டியின் எடை 5,040, தனியாக 4,760. வித்தியாசம் 280, அதுதான் பந்தின் மேல் இறங்கும் எடை. ட்ரெய்லர் மொத்தம் 4,610 + 280 = 4,890. ஆக 5.7 சதவீதம். ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனிமேல்தான் சிக்கல். 10 சதவீதம் என்றால் 489 வேண்டும். ரிசீவர் தாங்குவது 500. நடுவில் 11 பவுண்டு இடம், ஒரு பெட்டி நகர்ந்தால் போச்சு. சாமானை முன்னால் தள்ளினால் மட்டும் போதாது, மொத்தத்தையே குறைக்க வேண்டும். 4,200க்குக் கீழே வந்தால் மூச்சு விடலாம்.

இன்னொன்றும் பாருங்கள்: பந்தில் இறங்கியது 280, ஆனால் பின் அச்சில் ஏறியது 390. முன்னால் 110 தூக்கிவிட்டது. ஸ்டியரிங் லேசாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எடையைப் பகிரும் ஹிட்ச் இதைச் சரிசெய்யும், ஆனால் சில எஸ்யூவிகளின் கையேடு அதைப் போடாதே என்கிறது. உங்கள் வண்டி எது என்று இன்னும் சொல்லவில்லை, அதனால் எனக்குத் தெரியாது.

இருபதாண்டு_இழுவை
4,890. 5,000க்குள்தான் இருக்கிறது, பார்த்தீர்களா? இதைத்தான் முதலிலேயே சொன்னேன். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேரவன்_ரசிகன்
5.7 சதவீதம் எங்கள் கணக்கில் சரியான அளவு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

காற்றுமுகம்
பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் கேரவன் இழுக்கவில்லை.

கிளம்பியாச்சு
மோட்டார் சைக்கிளையும் வாஷிங் மெஷினையும் சில பெட்டிகளையும் வேறு லாரியில் ஏற்றிவிட்டோம். கருவிப் பெட்டி இப்போது முன் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், பட்டை போட்டு இறுக்கியிருக்கிறது. ட்ரெய்லர் 4,180, பந்தில் 470. 7 முனையும் கன்ட்ரோலரும் மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார், நெம்பியை அழுத்தினால் நன்றாக இழுக்கிறது. 60இல் லாரி கடந்தாலும் நேராகப் போகிறது. மேட்டில் ஒரே கியரில் பூட்டி 50இல் ஏறினேன், சூட்டு விளக்கு வரவில்லை. கிளம்புகிறோம், நன்றி.

அச்சாணி
11.2 சதவீதம், நல்லது. ஒன்று மட்டும்: எடை போட்டபோது வண்டிக்குள் குடும்பம் இருந்ததா, நீங்கள் மட்டுமா? நீங்கள் மட்டும் என்றால் மற்றவர்களையும் அவர்கள் பைகளையும் சேர்த்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள பின் அச்சு வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 மைல் போனதும் நிறுத்தி ட்ரெய்லர் சக்கர நட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள்.

டயர்க்காரர்
காற்றழுத்தம் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

மேட்டுக்கியர்
@கிளம்பியாச்சு 50இல் ஏறினீர்கள் சரி, எந்தக் கியரில்?

டயர்க்காரர்
இரண்டு நாள் ஆச்சு, ஆளைக் காணோம். யாருக்காவது அந்த ட்ரெய்லர் டயரின் தயாரிப்புத் தேதி தெரியுமா? பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இரவல் ட்ரெய்லர் என்றால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.