சுகந்தி வீட்டு சீலிங் கறை

குடும்பக் குழு: ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் (கனடா, ரொறொன்ரோப் பகுதி)

ஞாயிறு காலை

சுகந்தி: எல்லோருக்கும் வணக்கம். மேலே போட்டிருக்கும் படம் எங்கள் கீழ்வீட்டு சீலிங். இந்த மண்ணிறக் கறை வந்து மூன்று கிழமை ஆகிறது. நேற்று ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்டு பெயின்ற் அடித்துத் தருகிறேன், 600 டொலர், ஒரே நாளில் முடியும்" என்றார். கொடுக்கலாமா?

பிரதீபன்: அக்கா, கறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது?

சுகந்தி: மாடி வோஷ்ரூம் தம்பி.

குகன் அண்ணா: சுகந்தி, அவருக்கு இன்னும் ஓம் சொல்லிவிடாதே. மேலேயிருந்து தண்ணீர் வருகிறது. அதை நிறுத்தாமல் சீலிங்கை மட்டும் திருத்தினால் அடுத்த மாதமும் இதே படத்தைத்தான் போடுவாய். சீலிங்குக்கும் சுவருக்கும் அடிக்கும் ட்ரைவால் பலகை என்பது இரண்டு கடதாசிக்கு நடுவே இருக்கும் ஜிப்சம். ஈரம் ஏறினால் ஜிப்சம் இளகித் தொங்கும், கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். கறையை விரலால் மெல்ல அழுத்திப் பார்.

சுகந்தி: பார்த்தேன் அண்ணா. நடுவில் மெத்தென்று இருக்கிறது.

குகன் அண்ணா: அப்படியென்றால் அந்தத் துண்டை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். முதலில் இன்றைக்கே ஒரு சோதனை செய். தொட்டியை நிரப்பித் திறந்து விடு, ஒரு மணி நேரம் பொறு. பிறகு ஷவரை மட்டும் ஓடவிடு, பொறு. கடைசியாக கொமோட்டை ஏழெட்டுத் தடவை ஃபிளஷ் செய். ஒவ்வொரு முறையும் கறையில் டிஷ்யூ ஒற்றிப் பார். மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டால் எதில் ஒழுகுகிறது என்று தெரியாது.

ராணி மாமி: பிள்ளை, ஒரே நாளில் முடிப்பேன் என்பவரை நம்பாதே. எங்கள் பேஸ்மென்ற்றில் ஒருவர் அப்படித்தான் செய்தார். முழுக் காசையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். ஒரே தடிப்பான பூச்சு, இரண்டு கிழமையில் பிளந்துவிட்டது. வீட்டுக்குச் சூட்டுக் காற்று அனுப்பும் ஃபர்னஸை நிறுத்தாமல் தேய்த்ததில் வெள்ளைத் தூசி வீடெல்லாம் போய்விட்டது. மாமாவுக்கு ஒரு மாதம் இருமல். கூப்பிட்டால் அந்த ஆள் ஃபோன் எடுக்கவில்லை.

குகன் அண்ணா: மாமி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இருபது வருடம் டேப்பிங், அதாவது ட்ரைவால் பொருத்துகளை மூடிப் பூசும் வேலை, செய்தவன். பொருத்தில் டேப் ஒட்டி முதல் பூச்சு, அது காய்ந்ததும் அதைவிட அகலமாக இரண்டாவது, பிறகு இன்னும் அகலமாக மூன்றாவது. பூசும் கலவையை மட் என்போம். வாளியில் வரும் மட் என்றால் ஒவ்வொன்றும் காய ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். மாவாக வருவதைக் குழைத்தால் சீக்கிரம் இறுகும், கெட்டிக்காரர் அதில் ஒரே நாளில் சின்ன ஒட்டு வேலையை முடிக்கலாம். அதனால் எத்தனை நாள் என்று கேட்பதோடு, எத்தனை பூச்சு, எந்த மட் என்றும் கேள். ஓட்டை சின்னதாக இருந்தாலும் காசு கூடுவது இதனால்தான். வேலை செய்பவர் மூன்று தரம் வந்து போக வேண்டும்.

சுகந்தி: அப்படியென்றால் மகனின் அறையில் கதவுப்பிடி இடித்த ஓட்டையையும் சேர்த்துச் சொல்லலாமா?

குகன் அண்ணா: கட்டாயம். அதே மூன்று வரவில் இரண்டும் முடியும். கதவுக்கு ஒரு ஸ்ரொப்பரும் போட்டுவிடு.

பிரதீபன்: அண்ணா, எங்கள் வீட்டு மேல்மாடியில் சீலிங்கும் நடுச்சுவரும் சேரும் மூலையில் குளிர்காலத்தில் வெடிப்பு வருகிறது, கோடையில் மூடிக்கொள்கிறது. மட் பூசினால் போகுமா?

குகன் அண்ணா: போகாது. கூரையைத் தாங்கும் மரச்சட்டம்தான் ட்ரஸ். அதன் கீழ்மரம் குளிர் தடுக்கும் இன்சுலேஷனுக்குள் சூடாகக் கிடக்கும், மேல்மரம் குளிரில் நிற்கும். அதனால் ட்ரஸ் நடுவில் மேலே வளைந்து சீலிங்கையும் தூக்குகிறது. மூலையில் மோல்டிங் பட்டி வைத்து, அதைச் சீலிங் பக்கம் மட்டும் அடிக்கச் சொல், சுவரில் அடிக்க வேண்டாம். சீலிங்கோடு அதுவும் ஏறி இறங்கும், வெடிப்பு வெளியே தெரியாது.

ஞாயிறு இரவு

சுகந்தி: கண்டுபிடித்தாயிற்று! தொட்டிக்கும் ஷவருக்கும் ஒன்றுமில்லை. கொமோட்டுக்கு ஐந்தாவது ஃபிளஷில் டிஷ்யூ நனைந்தது. இருந்து பார்த்தால் கொமோட் ஆடவும் செய்கிறது.

குகன் அண்ணா: அடியில் இருக்கும் மெழுகு வளையம் போய்விட்டது. வளையம் சில டொலர்தான். பிளம்பரை நாளைக்கே கூப்பிடு. அதுவரை அந்த வோஷ்ரூமைப் பாவிக்க வேண்டாம். அப்புறம், உங்கள் வீடு எந்த வருடம் கட்டியது?

சுகந்தி: 1974.

குகன் அண்ணா: அப்படியென்றால் ஒருவரையும் சீலிங்கை வெட்டவோ சுரண்டவோ விடாதே. அந்தக் காலத்து மட் கலவையிலும், பொரிபொரியாக அடித்த சீலிங்கிலும் அஸ்பெஸ்ரஸ் என்ற ஆபத்தான நார் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. கனடாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2018இல்தான். சும்மா இருக்கும்வரை அது ஆபத்தில்லை. தேய்த்தால் தூசியாகி நெஞ்சுக்குள் போய்விடும். நாங்கள் இளம் வயதில் முகமூடி இல்லாமல் தேய்த்தோம், எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஆட்களைக் கூப்பிடு. இருந்தால் அதை அகற்றுவது தனி ஆட்களின் வேலை. அந்த 600 டொலர்க்காரர் இதைக் கேட்டாரா?

சுகந்தி: ஒன்றும் கேட்கவில்லை அண்ணா.

ராணி மாமி: கடவுளே. நல்ல காலம் பிள்ளை, நீ இங்கே கேட்டது.

வெள்ளி மாலை

சுகந்தி: முடிவு வந்துவிட்டது, அஸ்பெஸ்ரஸ் இல்லை. கொமோட்டும் சரி. மலர் அக்கா சொன்ன ஆளோடு கதைத்தேன். மூன்று வரவு, இரண்டு இடமும் சேர்த்து 850, அதோடு 13% வரி. காசாகத் தந்தால் வரி வேண்டாம் என்கிறார்.

குகன் அண்ணா: வரியைக் கட்டி எழுத்தில் வாங்கு. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரைவால் செய்ய லைசன்ஸ் கட்டாயமில்லை, எவரும் தொடங்கலாம். எங்களுக்குப் பிடிமானம் அந்தக் காகிதம்தான். எழுதிய மதிப்பீட்டைவிட 10%க்கு மேல் அவர் கேட்க முடியாது, நீயாக மேலதிக வேலைக்குச் சம்மதித்தால் ஒழிய. கடைசிப் பூச்சு காய்ந்து, கறைமறைக்கும் பிரைமர் அடித்த பிறகு மிச்சக் காசைக் கொடு. சாதாரண பெயின்ற்றுக்குள்ளால் கறை திரும்ப வெளியே வரும். அவருடைய இன்சூரன்ஸ் பத்திரத்தையும் பார்.

சுகந்தி: கேட்டேன், படம் அனுப்பியிருக்கிறார். எழுதித் தரவும் சம்மதம். சனி காலை 8 மணிக்கு வெட்டத் தொடங்குகிறார்.

குகன் அண்ணா: நானும் வருகிறேன். வெட்டியதும் உள்ளே மரம் கறுத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் காயாமல் மூட விடக்கூடாது.

சுகந்தி: வாருங்கள் அண்ணா. புட்டும் சம்பலும் செய்து வைக்கிறேன்.