அக்காவின் மாவு வியாபாரத்துக்கு 1.2 லட்சம் வேண்டும், தொண்டு நிறுவனக் கடன் கிடைக்குமா?

ஆனையூர்த் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ஆனையூரில் அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நாலு வருடமாக நடக்கிறது. இப்போது தினமும் முப்பது கிலோ வரை போகிறது, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்து, அப்புறம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. வீட்டுக் கிரைண்டர் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டுகிறாள், ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், முன்னறையைக் கடை மாதிரி மாற்றும் வேலை, எல்லாம் சேர்த்து 1.2 லட்சம் ஆகும் என்று கணக்கு.

கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டோம். "கணக்கில் வரவே தெரியவில்லையே, ஜாமீனுக்கு யார் இருக்கிறார்கள்" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். தெருவில் வாராவாரம் வசூலுக்கு வரும் நுண்கடன் கம்பெனிக்காரர், பத்துப் பேர் சேருங்கள், ஆதார் கொடுங்கள், நாலு நாளில் முதலில் 50,000 தருகிறோம், வட்டி வெறும் 12 சதவீதம், நாங்களும் தொண்டு நிறுவனம் மாதிரிதான் என்கிறார். உண்மையான தொண்டு நிறுவனங்கள் சிறு வியாபாரிகளுக்குக் கடன் தருகின்றனவா? அக்காவுக்கு 38 வயது, எந்தக் குழுவிலும் இல்லை.

ஓய்வுபெற்ற கேஷியர்:

தம்பி, முதலில் அந்த 12 சதவீதத்தைப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு இரண்டு வருடத்துக்கு 12,000 வட்டி என்று மொத்தமாகப் போட்டு, 62,000-ஐ 24 மாதமாகப் பிரித்து வாங்கினால் அது 12 சதவீதம் இல்லை. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், அவரோ கடைசி மாதம் வரை முழு 50,000-க்கும் வட்டி போடுகிறார். குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 21.5 சதவீதம் வரும். தண்டலை விடப் பரவாயில்லைதான், 8,500 கையில் கொடுத்து நூறு நாளில் 10,000 வாங்குகிறவர்களோடு ஒப்பிட்டால் எதுவுமே தர்மம்தான்!

2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி நுண்கடனுக்கு ஆண்டு வட்டி உட்பட எல்லாச் செலவையும் காட்டும் ஒரு தாள் தர வேண்டும், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. அந்தத் தாளைக் கேளுங்கள், கேட்டவுடன் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வங்கி விஷயத்தில் ஒரு சந்தேகம். மாவுக்கு ஃபோனில் பணம் போடுகிறார்களே, அந்த க்யூஆர் அட்டை யார் பெயரில் இருக்கிறது?

ஆனையூர்த் தம்பி:

மாமா பெயரில். அவர் ஃபோனில்தான் இணையம் இருந்தது, அதனால் அப்படியே போட்டுவிட்டோம்.

ஓய்வுபெற்ற கேஷியர்:

அதேதான். நாலு வருட வியாபாரம் முழுக்க மாமா கணக்கில் கிடக்கிறது, வங்கி மேனேஜர் பார்த்தது அக்காவின் காலிக் கணக்கை. இன்றைக்கே அக்கா பெயரில் மாற்றுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, உத்யம் என்பார்கள், அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு, இந்த அளவு வியாபாரத்துக்கு, வருடம் 100 ரூபாய்தான். ஆறு மாத வரவைக் காட்டி, சிறு வியாபாரிகளுக்கு வங்கி வழியாகத் தரும் மத்திய அரசின் முத்ரா கடனைக் கேளுங்கள். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், அதில் முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான்.

களஞ்சியத்துக்காரி:

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே தம்பி! தானம் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தின் தலைமையிடமே இங்கேதான். அதைச் சேர்ந்த களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் 1990-லேயே இந்தப் பக்கத்தில் தொடங்கியவை. அழகர்கோயில் பக்கம் புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், வாஜ்பாய் மேடையில் காலைத் தொட்டு வணங்கினாரே, 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர் வளர்ந்ததும் இந்தக் குழுக்களில்தான்.

ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி, ஒரு அலுவலகம் இருக்கும், போய் விண்ணப்பம் கொடுத்தால் கடன் வரும் என்பது இல்லை. பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்து மாதாமாதம் சேமிக்கிறோம், அந்தப் பணத்தையே எங்களுக்குள் சுற்றிவிடுகிறோம், வட்டி எவ்வளவு, யாருக்கு முதலில் என்பதெல்லாம் கூட்டத்தில் நாங்களே பேசி முடிவு செய்வது, அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும். குழு குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால்தான் வங்கி குழுவுக்குக் கடன் தரும். அதனால் நாளைக்கே 1.2 லட்சம் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். அக்கா ஒரு குழுவில் சேர்ந்தால் முதல் கடன் சின்னதாகத்தான் இருக்கும், உளுந்து மூட்டை வாங்குவதற்கு ஆகும். கிரைண்டருக்கு முன்னால் அதைச் சரி செய்யுங்கள், மளிகைக் கடையில் கடனுக்கு உளுந்து வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவு கூட வைக்கிறார்கள் என்று அக்காவிடமே கேளுங்கள்.

அப்புறம், வாராவாரம் வருகிறவர் சேர்க்கச் சொல்லும் பத்துப் பேர் குழு வேறு. அங்கே ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அந்தக் குழுவுக்கு வேலை. எங்கள் தெருவில் அப்படி மூன்று கம்பெனியில் வாங்கி ஒன்றை எடுத்து ஒன்றை அடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அம்பத்தூர் லேத்:

இளைஞர்கள் தொழில் தொடங்க உதவும் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையை யாரும் சொல்லவில்லையே. 1992-இல் தொடங்கியது, ஜே.ஆர்.டி. டாட்டா தலைவராக இருந்தார். 18 முதல் 35 வயது வரைதான், ஆகவே அக்காவுக்கு ஆகாது, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கடன் வங்கியிலிருந்து வரும், இவர்கள் திட்டத்தைச் சரிபார்த்து, கூடவே ஒரு அனுபவசாலியை வழிகாட்டியாகப் போடுவார்கள். எனக்கு வந்தவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், மாதம் ஒரு முறை வருவார், என் லேத்தைப் பார்க்கவே மாட்டார், கணக்கு நோட்டைத்தான் பார்ப்பார். "ஒரு உருப்படிக்கு உனக்கு என்ன நிற்கிறது" என்பது முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, இரண்டு வருடம் தெரியாமலேயே ஓட்டியிருக்கிறேன். அக்காவிடமும் அதைக் கேளுங்கள்: ஒரு கிலோ மாவில் என்ன நிற்கிறது?

மாவு போட்டவன்:

நானும் இதே வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். முன்னறை வேலையை இப்போது தொடாதீர்கள். என்னுடைய கடனில் பாதி டைல்ஸுக்கும் பெயர்ப் பலகைக்கும் போனது, டைல்ஸைப் பார்த்து எவனும் ஒரு கிலோ கூட வாங்கவில்லை. வீட்டு மின் இணைப்பில் பெரிய கிரைண்டர் ஓட்டினால் என்றாவது ஆய்வுக்கு வருவார்கள், வாங்குவதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை என்று கேட்டுவிடுங்கள்.

ஆனையூர்த் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா, மாமா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கரண்ட் எல்லாம் கழித்தால் கிலோவுக்கு 9 ரூபாய் நிற்கிறது, அக்காவுக்குக் கூலி போடாமல். முப்பது கிலோவுக்கு ஒரு நாளைக்கு 270, மாதம் 8,000 பக்கம். 1.2 லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் வங்கி வட்டியிலேயே தவணை நாலாயிரத்தைத் தொடுகிறது, பாதி வருமானம் போய்விடும். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முன்னறை வேலையை விட்டுவிட்டோம், கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் மட்டும், 70,000 போதும். க்யூஆர் மாற்றியாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு களஞ்சியம் குழு இருக்கிறதாம், செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கேஷியர் ஐயா, ஒரு கேள்வி. ஓட்டல் ஒன்று மூடுகிறார்கள், பழைய டில்டிங் கிரைண்டர் பாதி விலைக்கு வருகிறது. அதற்கு வங்கியில் கடன் தருவார்களா?

ஓய்வுபெற்ற கேஷியர்:

பில் இல்லாத பழைய சாமானுக்குக் கிடைப்பது கஷ்டம். ஃப்ரிட்ஜுக்குப் புதிதாகக் கோட்டேஷன் வாங்கி அதற்கு மட்டும் கடன் கேளுங்கள், கிரைண்டரைக் கைக்காசில் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஈர உளுந்து போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், மோட்டார் சூடானால் வேண்டாம்.