படுக்கைப் புண் வராமல் பார்க்க, புரட்டுவதைத் தவிர பராமரிப்பாளர் வேறென்ன கவனிக்க வேண்டும்?

நிலாவெளி_பராமரிப்பு:
வணக்கம். திருகோணமலையில் ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்க்கிறேன். 70 வயது, 50 கிலோ, நீரிழிவும் இருக்கு. வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் தெளிவில்லை. 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டச் சொன்னாங்க. புரட்டும்போது தோலில் என்ன பார்க்கணும்? கறுத்த மேனி, சிவப்புத் தெரியாது. நாரியில் ஸ்பிரிட் பூசித் தேய்த்து பவுடர் போடச் சொல்லுறாங்க வீட்டுக்காரர். குதிக்காலுக்குச் சும்மாடு மாதிரி துணி வளையம் வைத்திருக்கு. இதெல்லாம் சரியா?

தாதி_அக்கா:
தங்கச்சி, தேய்ப்பதையும் வளையத்தையும் இன்றைக்கே நிறுத்துங்கோ. அமுங்கிய இடத்தில் உள்ளிருக்கும் சின்ன இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதாகியிருக்கும், தேய்த்தால் இன்னும் கிழியும். ஸ்பிரிட் தோலைக் காய வைத்து வெடிக்கச் செய்யும். பவுடர் வியர்வையோடு கட்டியாகி மடிப்புகளில் உராயும். வளையம், தான் தொடும் இடத்தைச் சுற்றி அழுத்தி நடுவுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும்.

கறுத்த தோலில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, கையால் பார்க்கணும். ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில், புறங்கையை அந்த இடத்திலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறி வையுங்கோ. சுற்றியுள்ள தோலை விடச் சூடாகவோ குளிராகவோ, இறுகியோ சொதசொதவென்றோ இருந்தால், ஊதா, கருநீல நிழல் விழுந்தால், தொட்டதும் அம்மா முகம் சுளித்தால், அது தொடக்கம். வெளிர் தோல் என்றால் 3 விநாடி விரலால் அழுத்தி எடுக்க நிறம் வெளுத்துத் திரும்பும். வெளுக்காவிட்டால் முதல் நிலைப் புண், அதாவது தோல் இன்னும் கிழியாத தொடக்கப் புண். அது மாறும் வரை அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்பு, இரண்டு இடுப்பெலும்பு, குதிக்கால், கணுக்கால், முழங்கை, தலையின் பின்புறம், காது. ஒட்சிசன் குழாய், மூத்திரக் குழாய் இருந்தால் அவற்றின் அடியிலும். அம்மாவால் வலியைச் சொல்ல முடியாது, அதனால் உங்கள் கையும் கண்ணும்தான் முதல் எச்சரிக்கை.

வாட்டு_உதவியாளர்:
அக்கா சொன்னதோடு முறையையும் சேர்க்கிறேன். புரட்டும்போது இழுக்காதீங்க. தோள் முதல் தொடை வரை நீளும் ஒரு சீட்டை அடியில் விரித்து, இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்கி நகர்த்தணும். வலக் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகலாம்.

முழுக்க 90 பாகையில் சரித்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறும். 30 பாகை போதும்: முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, மேல்கால் தொடைக்குக் கீழ் ஒன்று. வைத்த பிறகு வால் எலும்புக்குக் கீழ் கையை விட்டுப் பாருங்க, தடையின்றிப் போனால் சரி. தலையணையைக் கெண்டைக்கால் முழுவதற்கும் நீளவாட்டில் வைத்தால் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும். நீரிழிவுக்காரருக்கு இது மிக முக்கியம், அவர்களுக்குக் குதிக்காலில் உணர்வும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம்.

கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தினால் உடம்பு சறுக்கும், தோல் ஒட்டி நிற்கும், உள்ளே சதை இழுபடும். சாப்பாடு நேரம் நிமிர்த்தியே ஆகணும், இல்லையென்றால் புரை ஏறும். அப்போது முதலில் முழங்காலைச் சற்று உயர்த்தி, பிறகு தலையை உயர்த்துங்க. மற்ற நேரம் 30 பாகைக்கு மேல் வேண்டாம்.

இந்த ஊர் வெக்கையில் ரெக்சின் சீட்டுக்கு நேர் மேலே படுக்க வைத்தால் முதுகு நனைந்தே இருக்கும். பருத்திச் சீட் சுருக்கமில்லாமல் போடுங்க. பம்பர்ஸ் நனைந்தவுடன் மாற்றி, தண்ணீரால் கழுவி, துவாயால் ஒற்றி, சிங்க் கிரீம் மெல்லிசாகப் பூசுங்க. ஈரம் உறிஞ்சும் பேட்களை இரண்டு மூன்றாக அடுக்காதீங்க.

நிலாவெளி_பராமரிப்பு:
நன்றி. காற்று மெத்தை வாங்கித் தரப் போறாங்க. அதற்குப் பிறகும் புரட்டணுமா?

தாதி_அக்கா:
கட்டாயம். மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது. தோல் நல்லாக இருந்தால் இடைவெளியை 3, 4 மணித்தியாலமாக நீட்டலாம், அதையும் தாதியோ டொக்டரோ தோலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும். மெத்தையின் காற்றுப் பம்பில் எடையை 50 கிலோவுக்குச் சரி செய்யுங்கோ. பிறகு நாரிக்கு நேர் கீழே மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கோ. உடம்பின் பாரம் கையில் நேரே முட்டினால் காற்றுப் போதாது. மேலே தடித்த போர்வை போட்டால் மெத்தையால் பயனில்லை. கரண்ட் போனால் காற்று இறங்கலாம், உடனே பழைய 2 மணித்தியாலக் கணக்குக்குத் திரும்பணும்.

சாப்பாடும் பாருங்கோ. கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் அவவுக்கு நாளொன்றுக்கு 62.5 முதல் 75 கிராம் வரும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான், ஆகவே மீன், பயறு, எருமைத் தயிர் எல்லாம் சேரணும். சிறுநீரக வருத்தம் இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம். விழுங்கச் சிரமம் என்றால் எப்படிக் கொடுப்பது என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கோ.

வாட்டு_உதவியாளர்:
கட்டில் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம், தோல் எப்படி, எவ்வளவு சாப்பிட்டா என்று எழுதுங்க. மாற்றம் கண்டால் "புண் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லாதீங்க. எந்த இடம், எத்தனை சென்ரிமீற்றர், சூடா, இறுக்கமா, எப்போதிருந்து என்று அன்றைக்கே கிளினிக் தாதிக்குச் சொல்லுங்க. கொப்புளம், தோல் உரிவு, கறுத்த பொருக்கு, நாற்றம், காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிதான். கொப்புளத்தை உடைக்காமல் கொண்டு போங்க.