மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனருக்கு 1098 எஞ்சின்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1958ஆம் ஆண்டுக் கார். 948 சிசி எஞ்சின், புதிதாக வந்தபோது 37 குதிரை வலு. 2014இல் நான் அதைக் கையில் எடுத்தபோது அதில் பாதியாவது மிஞ்சியிருந்ததா என்பது சந்தேகம்தான்.

காரணம் மண்ணெண்ணெய். போரால் 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்ற பிறகு அப்பா அதை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தங்கும் சம்புக்குள் இறங்கிவிடும். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்காது, கூடியிருக்கும். அப்படி ஓடித் தேய்ந்த காரில்தான் 1995 இடப்பெயர்வின்போது கொடிகாமம் வரை போய்ச் சேர்ந்தோம். அதை விற்கிற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் நிலைமை தெரிந்தது. பிளக், அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல், ஏற்கெனவே இரண்டு தடவை போர் அடிக்கப்பட்டிருந்தது (சிலிண்டர் துளையைக் குடைந்து அகலமாக்குவது), மூன்றாம் தடவைக்குச் சுவர் இல்லை. துளைக்குள் புதிய உறையாக ஸ்லீவ் போட்டால் பழைய 37 குதிரை திரும்பி வரும். ஆனால் அப்பாவுக்கு மலையேற ஆசை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு, றம்பொட வழியாக, நாலு பேரோடு. அதற்கு 948 போதாது.

நண்பர் ஒருவர் தன் மைனரில் நிஸான் சன்னி காரின் 1200 எஞ்சினைப் போட்டிருக்கிறார். எஞ்சின் அறையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பொறியியலாளர் அலெக் இஸிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது படுத்த நாலு சிலிண்டர் எஞ்சினைத்தான் மனதில் வைத்திருந்தார், 1948இல் கார் சந்தைக்கு வந்தபோது அந்த எஞ்சின் கைவிடப்பட்டிருந்தாலும் அகலம் அப்படியே தங்கிவிட்டது. நண்பரின் கார் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கியர் பொக்ஸுக்காக நடுத்தரையை வெட்டியிருந்தார். அப்பாவின் காரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. பின்னாள் மைனர்களில் வந்த அதே குடும்பத்து 1098 சிசி எஞ்சின் என்றால் ஒன்றையும் வெட்ட வேண்டாம். அதற்கு 48 குதிரை வலு.

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள், அதோடு வரும் கியர் பொக்ஸையும் கேட்டு வாங்குங்கள். 948இன் கிளச் ஆறேகால் அங்குலம், 1098இன் கிளச் ஏழேகால் அங்குலம். பிளைவீலும் கியர் பொக்ஸின் முன் ஷாப்ற்றும் வேறு. தனித்தனியாகத் தேடினால் பொருந்தாத சாமான்தான் கொட்டில் நிறையச் சேரும்.

20 ஓவர்சைஸ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெரிய) பிஸ்ரன் போட்டோம், 1098 இப்போது 1114 சிசி. கிராங்கை அரைத்து, பிஸ்ரனையும் கனெக்ரிங் றொட்டையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பாரம் சமப்படுத்தினோம். நீண்ட ஸ்ட்ரோக், கிராங்குக்கு மூன்றே மூன்று மெயின் பெயரிங். இந்த எஞ்சினைக் கத்தவிட்டு ஓட்டக் கூடாது, கீழிருந்து இழுக்கிற வலுதான் இதில் சுகம். அந்த வலு பெரும்பாலும் ஹெட்டில் கிடைக்கிறது. நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வழி, அந்த வழிகளின் உள்முகத்தை மினுக்கிச் சீராக்கியதும் வித்தியாசம் தெரிந்தது. ஈயமில்லாப் பெற்றோலுக்காக எக்ஸோஸ்ற் வால்வு சீற்றுகளைக் கடினமானதாக மாற்றினோம்.

அதே குடும்பத்துப் பெரிய 1275 எஞ்சினின் ஹெட்டையே இதன்மேல் வைக்கலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். வைக்கலாம்தான். ஆனால் அதன் வால்வுகள் பெரியவை. போரின் விளிம்பில் பிளக்கைக் குடைந்து இடம் விடாவிட்டால் எக்ஸோஸ்ற் வால்வு பிளக்கில் முட்டும். தெரிந்த கை குடையாவிட்டால் கிடைத்த ஒரே பிளக்கும் போய்விடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

முதல் மலைப் பயணம் புசல்லாவையோடு நின்றது. எஞ்சின் முழங்குகிறது, கார் ஏறவில்லை. கிளச் வழுக்குகிறது! மெதுவாகத் திருப்பி, இறக்கத்தில் கம்பளைக்கு வந்து ஒரு சின்னக் கராச்சில் விட்டோம். கியர் பொக்ஸை இறக்கினால் கிளச் தட்டு முழுக்க ஒயில். இந்த எஞ்சினின் பின்பக்கம் றபர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுக் காடிதான் ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் காடியால் தாக்குப்பிடிக்க முடியாது. எங்களுடையதில் எஞ்சின் பக்கவாட்டில் உள்ள ரப்பெற் (tappet) அறை மூடியிலிருந்து கீழே இறங்கும் காற்றுக் குழாய் அடைபட்டிருந்தது. எஞ்சினைப் பூட்டிய பட்டறையில் பெயின்ற் அடிக்கும்போது குழாய்க்குள் துணியைத் திணித்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு துணி. அப்பா அன்று வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டிக் கொடுத்த எஞ்சினை வாங்கும்போது அந்தக் குழாயில் வாயை வைத்து ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

மறு பயணத்துக்கு முன் பிரேக், பின் அச்சு என்ற மற்ற இரண்டு வேலைகளையும் முடித்தேன். முன் பிரேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 1098 மைனரின் 8 அங்குலத்துக்கு மாறியது. ஏறுகிற கார் இறங்கவும் வேண்டும், வலுவைக் கூட்டிப் பழைய பிரேக்கை விட்டுவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின் அச்சில் 4.55 கிறவுணை (சில்லு ஒருமுறை சுற்ற ஷாப்ற் 4.55 முறை சுற்றும் பல்சக்கரம்) எடுத்து 4.22 போட்டோம். மலைக்கு இது சற்றுப் பாதகம், ஆனால் கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதியில் எஞ்சின் அலறாமல் ஓடுகிறது. எஞ்சின் இலக்கம் மாறியதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்தியாயிற்று.

இரண்டாம் முறை ஏறினோம். முன்பு இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறிய இடங்களில் பெரும்பாலும் மூன்றாம் கியரே போதுமாக இருந்தது. றம்பொட வளைவுகளில் மட்டும் இரண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. உச்சிக்கு வந்து நிறுத்தியதும் அப்பா இறங்கிப் பொனற்றைத் திறந்து ஒயில் குச்சியைத்தான் முதலில் இழுத்தார். காலையில் பார்த்த கோட்டிலேயே ஒயில் நின்றது. அதை எனக்கும் காட்டிவிட்டுத் துடைத்து வைத்தார்.

இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன எஸ்யூ காபரேற்றரை எடுத்து ஒன்றரை அங்குல எச்எஸ்4 போட்டிருக்கிறேன், 95 ஒக்டேன் பெற்றோல். ஸ்பார்க் பிளக் கறுப்பாக வருகிறது, கலவை கொழுத்திருக்கிறது (பெற்றோல் கூடியிருக்கிறது). நட்டைத் திருகி மெலியவைத்தால் ஐட்லிங் குழம்புகிறது. 1098இல் எச்எஸ்4 போட்டவர்கள் யாராவது இருந்தால் காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் ஊசி எது போட்டீர்கள் என்று எழுதுங்கள்.